காயத்துக்குக் கட்டு இருக்கு... ஓய்வு இருக்கா? - சர்க்கஸ் உடம்பின் வலிக்கணக்கு!

சர்க்கஸில் பார் விளையாட்டு நடக்கும்போது எல்லோருடைய கண்களும் உச்சியில் பறக்கும் உடம்பின் மேல்தான் இருக்கும். அடுத்த முறை பார்க்கும்போது மணிக்கட்டையும் கொஞ்சம் கவனியுங்கள். வெள்ளைத் துணியோ பட்டையோ இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். பளபளக்கும் உடைக்கு உள்ளே முழங்காலில் ஒரு கட்டு, கணுக்காலில் ஒரு கட்டு இருந்தாலும் ஆச்சர்யமில்லை.

கட்டுத்துணிக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி, காஸ் துணி நெய்வதில் இந்திய அளவில் பெயர் பெற்ற ஊர். ராஜபாளையத்தில் 1939-லேயே ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் தொடங்கப்பட்டுவிட்டது. எங்கோ ஓர் ஊரில், கூடாரத்தின் பின்பக்கம் அவசரமாகச் சுற்றப்படும் ஒரு கட்டு, இந்த வட்டாரத் தறியில் நெய்ததாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

கட்டு கிடைத்துவிடும். கட்டுப் போட்ட கைக்கு ஓய்வு கிடைக்குமா? சர்க்கஸ் கலைஞருக்கும், திருவிழா மேடையில் ஆடும் கரகாட்டக் கலைஞருக்கும், தெருவில் கயிற்றில் நடக்கும் கழைக்கூத்தாடிக்கும் பொதுவான கேள்வி இது.

60 கிலோ உடம்பு... 180 கிலோ இழுப்பு!

பார் விளையாட்டில் கைகள் எவ்வளவு சுமக்கின்றன? பள்ளிக்கூட இயற்பியல் போதும். ஊஞ்சலின் கயிறு தரைக்கு இணையாக இருக்கும் உயரத்திலிருந்து ஒருவர் ஆடி இறங்கினால், அடிப்புள்ளியைக் கடக்கும் நொடியில் அவருடைய எடையைப் போல மூன்று மடங்கு இழுவிசை உண்டாகும். 60 கிலோ எடை உள்ளவரின் இரண்டு கைகளும் அந்த நொடியில் சுமார் 180 கிலோவைத் தாங்குகின்றன. எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கியபடி, பறந்து வருபவரைப் பிடிக்கும் 'கேட்சர்' இன்னோர் ஆளின் எடையையும் சேர்த்துத் தாங்குகிறார். ஒரு காட்சியில் இது பல முறை. ஒரு நாளில் இரண்டு, மூன்று காட்சிகள்.

ஆட்டத்துக்கு ஆட்டம் அடிபடும் இடம் மாறும். பார் விளையாட்டில் தோள்பட்டை. தலைகீழாகக் கைகளில் நிற்பவருக்கு மணிக்கட்டு. பல்டி அடித்துத் தரையில் இறங்குபவருக்குக் கணுக்காலும் முழங்காலும். ஆள் மேல் ஆள் ஏறும் 'பிரமிடு'வில் அடியில் நிற்பவருக்குக் கழுத்தும் இடுப்பும். உடம்பை வில்லாக வளைப்பவருக்கு முதுகெலும்பு.

அதில் முதுகெலும்பின் கதை தனி. முதுகைத் திரும்பத் திரும்பப் பின்பக்கமாக வளைக்கும்போது, இடுப்புப் பகுதி எலும்பின் மெல்லிய பாலம் போன்ற ஒரு பகுதியில் நுண்ணிய விரிசல் விழலாம். ஸ்பாண்டிலோலிசிஸ் என்பது இதன் பெயர். இளம் வயது வேகப்பந்து வீச்சாளர்களையும் ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகளையும் மாதக்கணக்கில் உட்காரவைப்பதும் இதே விரிசல்தான். எலும்பு வளர்ந்து முடியாத வயதில் ஆபத்து இன்னும் அதிகம். இந்திய சர்க்கஸ்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரல் 18 அன்று உத்தரவிட்டது. சுரண்டலையும் படிப்பு பறிபோவதையும் நிறுத்த வந்த அந்த உத்தரவு, பல பிஞ்சு முதுகெலும்புகளையும் காப்பாற்றியிருக்கிறது.

வலை இருந்தால் போதுமா?

சர்க்கஸ் காயம் என்றதும் உயரத்திலிருந்து விழுவதுதான் நினைவுக்கு வரும். அந்தப் பயம் நியாயமானதே. 2014 மே மாதம் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், ரிங்ளிங் பிரதர்ஸ் சர்க்கஸில் தலைமுடியால் தொங்கிக்கொண்டிருந்த 8 பெண்கள் மொத்தமாகக் கீழே விழுந்தார்கள். காரணம், மேலே எடையைத் தாங்கிய ஒரே ஒரு உலோகக் கொக்கி உடைந்தது. காயம் தடுப்பது கொக்கி, கயிறு, கம்பத்தைச் சோதிப்பதில் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

வலையும் பஞ்சு மெத்தை இல்லை. வலையில் முதுகு படும்படி விழ வேண்டும் என்பதற்கே தனிப் பயிற்சி உண்டு. கழுத்தோ காலோ முதலில் பட்டால் வலையிலேயே எலும்பு முறியும்.

ஆனால், கலைஞர்களை ஓய்த்துப்போடுவது பெரும்பாலும் இந்தப் பெரிய விழுதல் அல்ல. கனடாவில் 1984-ல் தொடங்கிய 'சர்க் து சொலேல்' உலகின் மிகப் பெரிய சர்க்கஸ் நிறுவனங்களில் ஒன்று. அதன் 1,376 கலைஞர்களின் காயப் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2009-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ இதழில் வெளியானது. ஒரு கலைஞர் 1,000 முறை மேடையேறினால் சுமார் 10 காயங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறிய காயங்கள். பல காட்சிகளைத் தவறவிடவைக்கும் அளவுக்கான காயங்கள், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகள் பலவற்றைவிடக் குறைவு!

இந்தக் கணக்கை அப்படியே நம் ஊர்க் கூடாரத்துக்குப் பொருத்த முடியாது. அங்கே ஊர் ஊராகப் போகும் குழுவுடன் பிசியோதெரபிஸ்டும் பயணிக்கிறார். காலையில் லேசாகத் தோள் பிடித்தால்கூட அவரிடம் போகிறார்கள். அதனால்தான் அது கணக்கில் ஏறுகிறது, பெரிதாகும் முன்பே அடங்குகிறது. இங்கே அந்தச் சின்ன வலி யார் கணக்கிலும் ஏறுவதில்லை. மேலே ஒரு கட்டு, கையில் ஒரு வலி மாத்திரை, அடுத்த காட்சிக்கு மணி அடித்தாகிவிட்டது!

தலச்சேரியிலிருந்து வந்த கூடாரம்

இந்திய சர்க்கஸுக்கு நீண்ட வரலாறு உண்டு. மகாராஷ்டிராவின் விஷ்ணுபந்த் சத்ரே 1880-ல் மும்பையில் 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' தொடங்கினார். கேரளத்தின் தலச்சேரியில் களரி ஆசான் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-ல் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார். 'இந்திய சர்க்கஸின் தந்தை' என்று அவரைச் சொல்வார்கள். அவர் வழியில் வந்தவர்கள் நாடு முழுக்கக் கூடாரம் போட்டார்கள். 1951-ல் 'ஜெமினி சர்க்கஸ்' தொடங்கிய ஜெமினி சங்கரனும் பார் விளையாட்டுக் கலைஞராக இருந்தவர்தான். 2023-ல் தன் 99-வது வயதில் மறைந்தார்.

களரியிலிருந்து வந்ததால், அந்தக் காலப் பயிற்சியோடு எண்ணெய் தேய்த்து உழிவதும் வர்ம வைத்தியமும் கூடவே வந்தன. அடிபட்டால் ஆசானே வைத்தியர். பிறகு சர்க்கஸ் பெரிதானது, காட்சிகள் கூடின, ஊர்கள் கூடின. ஆசான் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் யாரும் இல்லை.

கூடாரமே இல்லாத சர்க்கஸ்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கூடாரம் எப்போதோ ஒரு முறைதான் வரும். ஆனால் உடம்பை வைத்துச் செய்யும் சாகசம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கயிற்றின் மேல் ஆடுபவர்களின் பறையைப் பற்றிய குறிப்பு குறுந்தொகையிலேயே இருக்கிறது. இன்றும் கடைவீதி ஓரத்தில் இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு, நடுவே கயிறு கட்டி, கையில் நீளக் கழியோடு ஒரு சிறுமி நடக்க, கீழே மேளம் அடிக்கும் குடும்பத்தைப் பார்க்கலாம். அங்கே வலையும் இல்லை, மெத்தையும் இல்லை.

கரகாட்டத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தலையில் கரகத்தோடு ஏணியில் ஏறுவது, பாட்டில்கள் மேல் நின்று ஆடுவது, முதுகைப் பின்னால் வளைத்துத் தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுப்பது... இவை சர்க்கஸ் மேடையில் நடந்தால் 'அக்ரோபாட்டிக்ஸ்' என்று கைதட்டுவோம். திருவிழாவில் நடந்தால் 'கரகம்' என்று கடந்துபோகிறோம். கழுத்து, முழங்கால், இடுப்பு படும் பாடு ஒன்றுதான்.

இவர்களுக்கு இன்னொரு சிக்கல், சீசன். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி போன்ற பங்குனி விழாக்கள், சித்திரை, வைகாசிக் கொடைகள் என்று சில மாதங்களுக்கு இரவு இரவாக ஆட்டம். மற்ற மாதங்களில் வேறு கூலி வேலை. மாதக்கணக்கில் ஆடாத உடம்பு திடீரென்று தினமும் பல மணி நேரம் ஆடினால், தசைநாண்களும் மூட்டுகளும் அந்தச் சுமைக்குப் பழக நேரமே கிடைக்காது. விளையாட்டு மருத்துவம் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் இது: சுமையைவிட, சுமை திடீரென்று கூடுவதுதான் அதிகம் காயப்படுத்தும். சீசனுக்கு ஒன்றரை மாதம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சியைக் கூட்டிவந்தால், முதல் வாரத்திலேயே முழங்கால் வீங்கும் கதையைப் பெருமளவு குறைக்கலாம்.

சுளுக்கு எடுக்கலாமா?

நம் ஊரில் சுளுக்கு என்றால் முதலில் போகும் இடம், நீவிவிடும் பாட்டி வீடு. கால் முதலில் வெளிவந்து பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு போகும் என்பார்கள். புளியும் உப்பும் குழைத்துப் பற்று போடுவார்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் கலந்து கட்டுவார்கள். எலும்பு முறிந்தால் புத்தூருக்கு வண்டி ஏறுவார்கள்.

இவற்றில் எல்லாமே தவறு என்று ஒதுக்க வேண்டியதில்லை. உளுந்துப் பற்று காய்ந்து இறுகும்போது மூட்டை அசையவிடாமல் பிடிக்கிறது. அடிபட்ட இடத்துக்கு முதல் நாளில் தேவைப்படுவதும் அந்தப் பாதுகாப்புதான். நாள்பட்ட தசைப்பிடிப்புக்கு எண்ணெய் தேய்ப்பது இதம் தரும்.

ஆபத்து எங்கே என்றால், நேரத்தில். அடிபட்டுப் புதிதாக வீங்கிய மூட்டை முதல் இரண்டு, மூன்று நாள்களுக்குள் அழுத்தி நீவினால், உள்ளே ரத்தக்கசிவும் வீக்கமும் கூடும். சுளுக்கு என்று நினைத்தது எலும்பு விரிசலாக இருந்தால், நீவும்போது அது விலகவும் கூடும். எக்ஸ்ரே எடுக்காமல் 'எலும்பு நல்லாத்தான் இருக்கு' என்று கையால் தொட்டு முடிவு செய்வதுதான் பல கால்களைக் கோணலாக்கியிருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் என்ன செய்வார்?

'கரன்ட் வைப்பாங்க, மெழுகு ஊத்துவாங்க' என்பதோடு பிசியோதெரபியை முடித்துவிடுகிறோம். உண்மையில் அவை துணை மட்டுமே. மருந்து என்பது உடற்பயிற்சி.

சர்க்கஸ் கலைஞர் ஒருவர் தோள் வலியோடு வந்தால், முதல் வேலை எந்த அசைவில், எந்தக் கோணத்தில் வலிக்கிறது என்று பார்ப்பது. தோள் மூட்டை உள்ளே பிடித்துவைத்திருக்கும் சிறிய சுழல் தசைகளும், முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்பை நகர்த்தும் தசைகளும் எவ்வளவு பலத்தோடு இருக்கின்றன என்று சோதிப்பார். பார் விளையாட்டுக்காரரின் பெரிய தசைகள் பாறை போல இருக்கும். இந்தச் சின்னத் தசைகள் களைத்திருக்கும். ரப்பர் பட்டையும் ஒரு கிலோ எடையும் வைத்து அவற்றைத் தேற்றுவதில்தான் சிகிச்சையே தொடங்கும்.

உடம்பை வளைப்பவர்களுக்குச் சிகிச்சை நேர் எதிர்த்திசையில் போகும். இவர்களில் பலருக்குப் பிறவியிலேயே மூட்டுகள் தளர்வாக இருக்கும். சுண்டுவிரல் பின்னால் எவ்வளவு மடங்குகிறது, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, குனிந்தால் உள்ளங்கை தரையில் படுகிறதா என்றெல்லாம் பார்த்து 9-க்கு மதிப்பெண் போடும் 'பெய்ட்டன்' முறை உண்டு. அதிக மதிப்பெண் வாங்குபவருக்கு இன்னும் வளையப் பயிற்சி தேவையில்லை. வளைந்த இடத்தில் மூட்டைப் பிடித்து நிறுத்தும் பலம்தான் தேவை. 'ரப்பர் உடம்பு' என்று பாராட்டுகிறோம். ரப்பரும் ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் தளர்ந்துபோகும்.

அடுத்தது, மேடைக்குத் திரும்புவது. 'வலி போச்சு, ஏறிடலாம்' என்பது நல்ல அளவுகோல் அல்ல. அடிபட்ட பக்கத்தின் பலம் மற்றப் பக்கத்தின் பலத்தில் கிட்டத்தட்ட 90 சதவிகிதத்தை எட்டியதா? வலியில்லாமல் முழுக்க அசைகிறதா? பிறகு தரையில் பயிற்சி, அதன் பின் குறைந்த உயரம், பிறகு ஒரு நாளைக்கு ஒரு காட்சி, கடைசியில்தான் முழு ஆட்டம். தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோ, குழப்பமோ இருந்தால் அன்றைக்கு மேடையே கிடையாது. இதில் பேரம் இல்லை.

இந்த இடத்தில்தான் பிசியோதெரபி சர்க்கஸுக்குப் பெரிய உதவி செய்கிறது. ஓய்வு என்றால் படுக்கை என்று அர்த்தமில்லை. மணிக்கட்டில் அடிபட்டவர் கைகளில் நிற்கக் கூடாது. ஆனால் காலால் சுழற்றும் வித்தையைச் செய்யலாம். கணுக்கால் சுளுக்கியவர் குதிக்கக் கூடாது. உட்கார்ந்து பந்துகளை வீசிப் பிடிக்கலாம். அடிபட்ட பாகத்துக்கு மட்டும் ஓய்வு, மற்ற உடம்புக்கு வேலை. கலைஞரின் கூலியும் முழுக்க அறுந்துபோகாது.

கூலிதான் கட்டை அவிழ்க்கிறது

எல்லாம் சரி, ஏன் யாரும் போவதில்லை? வலியைப் பொறுப்பது தைரியம் என்ற பழக்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் எளிமையானது. ஆடினால்தான் கூலி. ஒரு கணுக்கால் சுளுக்கு சரியாகச் சில வாரங்கள் ஆகும். அத்தனை வாரம் அடுப்பு எரிய வேண்டுமே!

இன்னொன்று, ஊர் மாறுவது. பிசியோதெரபி ஒரே நாளில் முடிகிற ஊசி இல்லை. வாரக்கணக்கில் ஒரே இடத்தில் போய்வர வேண்டும். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி பிசியோதெரபிஸ்ட் வருகிறார். நல்ல திட்டம். ஆனால் கலைஞரின் வீடு இந்த மாதம் ஓர் ஊர், அடுத்த மாதம் வேறு ஊர் என்றால், எந்தக் கதவைத் தட்டுவது?

வழி இல்லாமல் இல்லை. அரசு மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டி, பிசியோதெரபிக்குப் பரிந்துரை பெறலாம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்ட பிறகு மாவட்டத்துக்குள்ளேயே உயர் சிகிச்சைக்கு ஓர் இடம் இருக்கிறது. முதல் முறை போகும்போதே பயிற்சிகளைக் கைபேசியில் வீடியோவாகப் பதிவுசெய்து தரச் சொல்லலாம். எந்த ஊருக்குப் போனாலும் பயிற்சி கூடவே வரும். நாட்டுப்புறக் கலைஞர்கள், அவர்களுக்கான நல வாரியத்தில் பதிவுசெய்து வைத்துக்கொள்வதும் அவசியம். பக்கத்து மாநிலமான கேரளத்தில், ஓய்வுபெற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்கு அரசு ஓய்வூதியமே தருகிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது சுளுக்கினால்...

சர்க்கஸ் கலைஞருக்குச் சொல்லும் முதலுதவி, படியில் கால் பிசகிய உங்களுக்கும் பொருந்தும்.

* முதல் ஓரிரு நாள்கள் அந்த மூட்டுக்கு வேலை கொடுக்காதீர்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் மரத்தாலோ, நீலமாக மாறினாலோ உடனே தளர்த்துங்கள்.
* முதல் 2, 3 நாள்களுக்கு நீவுதல், சுடு ஒத்தடம் வேண்டாம். வலி குறைய ஐஸ் வைக்கலாம். துணியில் சுற்றி, 10 நிமிடங்கள் போதும். ஐஸ் வலியை மட்டுப்படுத்தும், காயத்தைச் சீக்கிரம் ஆற்றிவிடாது.
* பிசகிய காலால் நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லையா? கணுக்கால் முட்டி எலும்பின் பின்பக்கம் அழுத்தினால் கடுமையாக வலிக்கிறதா? எக்ஸ்ரே அவசியம். உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் சோதனை இது.
* வலி குறையத் தொடங்கியதும் மெதுவாக நடக்க ஆரம்பியுங்கள். வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் மூட்டு இறுகும். அடிபட்ட கால் தேறியபின், சுவரருகே நின்று ஒற்றைக்காலில் 30 விநாடிகள் நிற்கப் பழகுங்கள். ஒரு முறை சுளுக்கிய கால் மீண்டும் சுளுக்காமலிருக்க இந்தச் சமநிலைப் பயிற்சிதான் காவல்.
* உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்தோ முதுகோ வலித்தால், கை கால் மரத்திருந்தால், தூக்கி உட்காரவைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்க நிமிர்த்தாதீர்கள். தலையை அசையாமல் பிடித்தபடி 108-ஐ அழையுங்கள்.

கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

ஊரில் கொடை நடத்தும் விழாக் கமிட்டிக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆட்டக்குழுவை அழைக்கும்போது, ஆடும் இடம் மேடு பள்ளமில்லாமல், ஜல்லி இல்லாமல் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். உடம்பைச் சூடேற்றிக்கொள்ள அரை மணி நேரமும், மாற்று உடை அணிய ஒரு மறைவிடமும், குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். ஒரு முதலுதவிப் பெட்டிக்கு ஆகும் செலவு, ஒரு சரவெடிக்கு ஆவதைவிடக் குறைவு.

ஆட்டக்காரர் ஒருவர் 'இன்னிக்கு கால் சரியில்லண்ணே, ஏணி மட்டும் வேண்டாம்' என்றால், பேசிய தொகையில் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். ஏணி ஏறாத ஒரு ராத்திரியால் திருவிழா குறைந்துபோகாது. அவருக்கோ, அந்த ஒரு ராத்திரிதான் அடுத்த பத்து வருஷத்தைக் காப்பாற்றும்.